இஸ்தான்புல் சிர்கெசியில் குழுவாகத் தங்க ஏற்ற ஒரு விடுதி

இஸ்தான்புல்லின் பழைய நகரப் பகுதியான சிர்கெசியில், ரயில் நிலையத்துக்கு அருகே ஒரு குறுகிய தெருவில் அமைந்த நடுத்தர விடுதியில் எங்கள் மூன்று குடும்பங்களும் சேர்ந்து தங்கினோம். எழுபதைக் கடந்த பெரியவர்களும் பள்ளி செல்லும் பிள்ளைகளும் கலந்த குழு. இப்படிப்பட்ட குழுவை விடுதிகள் பெரும்பாலும் மொத்தமாகவே பார்க்கின்றன; முன்பதிவு செய்தவர் ஒருவரிடம் மட்டும் பேசிவிட்டு, காலியாக இருக்கும் அறைகளில் மற்றவர்களைப் பிரித்துப் போட்டுவிடுவார்கள். இந்த விடுதியோ எங்களில் ஒவ்வொருவரையும் தனித்தனி விருந்தினராகவே நடத்தியது. அதற்காகவே இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தது விடியற்காலை. அறைகள் பிற்பகலில்தான் கிடைக்கும் என்று முன்பதிவிலேயே தெளிவாக எழுதியிருந்ததால், பெட்டிகளை மட்டும் வைத்துவிட்டு வெளியே போய்விடலாம் என்றுதான் எண்ணியிருந்தோம். வரவேற்பில் இருந்த இளம்பெண் பெரியவர்களின் முகத்தைப் பார்த்ததுமே, இரவு காலியாக இருந்த இரண்டு அறைகளை அவர்களுக்குத் திறந்துவிட்டார். அதற்குக் கூடுதல் கட்டணம் எதுவும் கேட்கவில்லை. மற்றவர்களுக்குச் சிற்றுண்டிக் கூடத்தில் தேநீர் வந்தது. எங்கள் கடவுச்சீட்டுகளை வாங்கிப் பதிவு செய்தவர், அவற்றைக் குடும்பவாரியாகப் பிரித்து, ஒவ்வொன்றோடும் சாவி அட்டையின் உறையைச் சேர்த்துத் திருப்பிக் கொடுத்தார். உறையின் மேல் அறை எண்ணுக்குக் கீழே, அந்த அறையில் தங்குபவர்களின் பெயர்கள் எழுத்துப் பிழையின்றிக் கையால் எழுதப்பட்டிருந்தன. விருந்தினரின் அடையாள விவரங்களை விடுதிகள் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது துருக்கியில் சட்டம். ஆகவே கடவுச்சீட்டைக் கேட்கும்போது தயங்க வேண்டியதில்லை. பதிவு முடிந்ததும் கையோடு வாங்கிக்கொண்டால் போதும்.

குழுவாகச் செல்பவர்களுக்கு இந்த இடம் மிகவும் வசதியானது. சிர்கெசி டிராம் நிறுத்தத்திலிருந்து குல்ஹானே, அதற்கடுத்து சுல்தானஹ்மெத்; இரண்டாவது நிறுத்தத்திலேயே, தேவாலயமாகக் கட்டப்பட்டு இப்போது மசூதியாக உள்ள ஆயா சோபியா, நீல மசூதி எல்லாம் வந்துவிடுகின்றன. நடந்தும் போகலாம், ஆனால் வழி மேடாக ஏறுவதால், மூட்டு வலி உள்ள எங்கள் பெரியம்மாவைப் போன்றவர்களுக்கு டிராமே நல்லது. 2013-இல் திறக்கப்பட்ட மர்மராய் ரயிலும் சிர்கெசியில் நிற்கிறது. இங்கே ஏறினால் பாஸ்பரஸ் நீரிணைக்கு அடியில் சென்று, அடுத்த நிறுத்தமான உஸ்குதாரில், அதாவது ஆசியக் கரையில், இறங்கிவிடலாம். பிள்ளைகள் அந்த ஒரு நிறுத்தப் பயணத்தையே மீண்டும் மீண்டும் போக வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஐரோப்பாவிலிருந்து வந்த புகழ்பெற்ற ரயிலான ஓரியண்ட் எக்ஸ்பிரஸ் வந்து நின்ற 1890-ஆம் ஆண்டு ரயில் நிலையக் கட்டடமும் சில அடி தூரத்தில்தான் இருக்கிறது. பார்க்க வேண்டியவற்றின் பட்டியலில் அதைப் பலர் சேர்ப்பதில்லை. வண்ணக் கண்ணாடிச் சன்னல்களுக்காகவாவது உள்ளே சென்று பாருங்கள்.

ஊழியர்களின் உதவி முகமலர்ச்சியோடு நின்றுவிடவில்லை. எங்கள் பயணத் திட்டத்தை வாங்கிப் பார்த்த வரவேற்புப் பெண், தோப்காப்பி அரண்மனை செவ்வாய்க்கிழமைகளில் மூடியிருக்கும் என்றும், வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகை முடியும் வரை நீல மசூதிக்குள் பார்வையாளர்களை விடமாட்டார்கள் என்றும் சொல்லி, இரண்டு நாள்களை மாற்றி எழுதிக் கொடுத்தார். ஆயா சோபியாவில் 2024 தொடக்கத்திலிருந்து வெளிநாட்டுப் பார்வையாளர்களிடம் 25 யூரோ கட்டணம் வாங்குகிறார்கள் என்பதையும், அந்தச் சீட்டில் மேல்மாடத்துக்குத்தான் செல்ல முடியும் என்பதையும் அவரே முன்கூட்டிச் சொன்னார். பெரிய குழுவுக்கு இது கணிசமான தொகை என்பதால், யார் யார் உள்ளே போவது என்று அறையிலேயே பேசி முடிவு செய்துகொள்ள முடிந்தது.

காலை உணவைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் எங்களில் பாதிப்பேர் சைவம். ஆலிவ் காய்கள், வெண்பாலாடைக்கட்டி, தக்காளி, வெள்ளரி, எள் தூவிய வளைய ரொட்டியான சிமித், தேனோடு சேர்த்து உண்ணும் கெட்டியான பாலேடு என்று சைவர்களுக்கு அங்கே குறைவே இல்லை. போரெக் என்னும் அடுக்கு மாவுப் பலகாரத்தில் மட்டும்தான் சிக்கல். இறைச்சி வைத்ததும் கீரை வைத்ததும் வெளித்தோற்றத்தில் ஒன்றாகவே இருந்தன. முதல் நாள் நாங்கள் விசாரித்ததைக் கவனித்திருந்த சமையல்காரர், மறுநாள் அவற்றைத் தனித்தனித் தட்டுகளில் வைத்து, கீரைத் தட்டின் முன்னால் ஒரு பச்சைக் கீரை இலையையும் வைத்திருந்தார். வெளியே உணவகங்களில் பருப்பு சூப்பைச் சில இடங்களில் இறைச்சிச் சாற்றில் காய்ச்சுவார்கள், கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள் என்று எச்சரித்ததும் அவர்தான். நீரிழிவு உள்ள எங்கள் மாமாவுக்காக, கூடம் திறப்பதற்கு முன்பே ஒரு தட்டு தயாராக இருந்தது.

அறைகள் சிறியவை, ஆனால் தூய்மையானவை. கழிவறைப் பீங்கானிலேயே நீர் பீய்ச்சும் சிறு குழாய் பொருத்தியிருப்பது துருக்கியில் பரவலான வழக்கம். ஐரோப்பிய நகரங்களில் தங்கிச் சலித்த நம்மவர்களுக்கு அது பெரிய ஆறுதல். மின்செருகிகள் இரண்டு உருண்டைக் கம்பிகள் கொண்டவை. குழாய் நீரைக் குடிக்காமல் போத்தல் நீர் வாங்குவதே அங்குள்ள நடைமுறை.

குறைகளும் இருந்தன. மின்தூக்கியில் பெட்டியோடு இரண்டு பேருக்கு மேல் நிற்க முடியாது. எல்லோரும் கீழே வந்து சேர்வதற்குள் நேரம் நன்றாகவே கழிந்துவிடும். தெருவின் குறுகலால் வேன் வாசல்வரை வராது, டிராம் சாலையிலிருந்து பெட்டிகளை உருட்டிக்கொண்டுதான் வர வேண்டும். பின்பக்க அறைகள் இரண்டின் சன்னல்கள் கட்டடச் சுவர்களுக்கு நடுவே காற்றுக்காக விட்ட குறுகிய இடைவெளியைப் பார்த்தபடி இருந்ததால், பகலிலும் விளக்கெரிய வேண்டியிருந்தது. நாங்கள் குறை சொன்னதும், மறுநாளே ஒரு குடும்பத்துக்கு வேறு அறை மாற்றிக் கொடுத்தார்கள். மற்றொன்றுக்கு அறை இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லி வருத்தம் தெரிவித்தார்கள்.

கணக்கு முடிக்கும்போது மூன்று குடும்பங்களுக்கும் மூன்று ரசீதுகள் தந்தார்கள். கட்டணத்தை யூரோவில் பேசியிருந்தாலும் துருக்கி நாணயமான லிராவில் செலுத்துவதானால் எந்த மாற்று விகிதம் என்பதையும், 2023 முதல் நடைமுறையில் உள்ள தங்குமிட வரியையும் முதல் நாளே எழுதிக் காட்டியிருந்ததால், கடைசி நேரத்தில் விவாதம் எதுவும் எழவில்லை. குழுவாக இங்கே தங்க விரும்புபவர்கள், தெருவைப் பார்த்த அறைகளை முன்பதிவின்போதே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். உடன் வரும் முதியவர்களின் வயதையும் உணவுத் தேவைகளையும் அதே மடலில் குறிப்பிடுங்கள். அவர்கள் அதைப் படித்துவிட்டுத்தான் அறைகளை ஒதுக்குகிறார்கள்.