டோக்கியோவா, ஒரகடமா, திறன் விசாவா: ஜப்பானிய மொழி படித்தவர்களுக்கு ஓர் ஒப்பீடு

ஜேஎல்பிடி எனும் ஜப்பானிய மொழித் தேர்வில் (என்5 தொடக்க நிலை, என்1 உச்ச நிலை) என்3 தேறிவிட்டு என்2-வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் பலருக்கும் ஒரே குழப்பம்தான். டோக்கியோவில் ஐடி வேலைக்குப் போவதா, சென்னைக்கு அருகே ஒரகடத்து ஜப்பானிய ஆலை ஒன்றில் மொழிபெயர்ப்பாளராகச் சேருவதா, இல்லை இப்போது எல்லோரும் பேசும் 'தோகுதேய் கினோ' எனும் திறன் விசாவில் கிளம்புவதா? ஏஜென்ட் ஒன்று சொல்வார், வகுப்பு சென்செய் (ஆசிரியர்) இன்னொன்று சொல்வார், ஏற்கெனவே அங்கே இருக்கும் சொந்தக்காரர் வேறொன்று சொல்வார். பெரும்பாலும் பேச்சு முதல் மாதச் சம்பளத்தைச் சுற்றியே போகும். ஐந்தாம் ஆண்டு முடிவில் உங்கள் கையில் என்ன இருக்கும் என்று கேட்டுப் பார்த்தால் விடை மாறிவிடுகிறது. விசா, சேமிப்பு, தொழில், உடன் இருக்கும் மனிதர்கள் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

டோக்கியோ: பட்டதாரிகளுக்கான விசா

பொறியாளர், மொழிபெயர்ப்பாளர், விற்பனைப் பிரிவு ஊழியர் போன்றவர்களுக்குக் கிடைக்கும் பணி விசாவை அங்கே சுருக்கமாக 'கிஜின்கொகு' என்பார்கள். பட்டப்படிப்பு வேண்டும், படித்ததற்கும் பார்க்கப்போகும் வேலைக்கும் தொடர்பு இருக்க வேண்டும். 1, 3 அல்லது 5 ஆண்டுகளுக்குத் தருவார்கள், புதுப்பித்துக்கொண்டே போகலாம். மனைவி, கணவர், பிள்ளைகளை அழைத்துக்கொள்ளலாம். துணைக்கு வருபவர் அனுமதி வாங்கி வாரத்துக்கு 28 மணி நேரம் வரை வேலை பார்க்கலாம்.

பணக் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். மாதம் 3,00,000 யென் சம்பளம் என்று வையுங்கள். ஓய்வூதியத்துக்கு மட்டும் 9.15 சதவீதம் பிடிப்பார்கள். மருத்துவக் காப்பீடு, வேலையின்மைக் காப்பீடு, வருமான வரி எல்லாம் போக, கைக்கு வருவது ஏறக்குறைய 2,40,000. ஏதோகாவா வட்டாரத்தில் ஒற்றை அறை வீட்டுக்கு 70,000 வாடகை என்றால், சாப்பாடு, மின்சாரம், போன் போக 80,000 யென் மிஞ்சினால் நல்ல சேமிப்பு. இரண்டாம் ஆண்டு ஜூனில் பலருக்கும் ஓர் அதிர்ச்சி காத்திருக்கும். குடியிருப்பு வரி முந்தைய ஆண்டு வருமானத்தின் மீது விதிக்கப்படுவதால், முதல் வருடம் அது உங்கள் சம்பளச் சீட்டில் இருக்காது. அடுத்த ஜூனிலிருந்து மாதம் 10,000 யென்னுக்கு மேல் பிடிக்கத் தொடங்குவார்கள். வேலை மாறும்போதும் நாடு திரும்பும்போதும் இந்தப் பாக்கி பின்னாலேயே வரும். முதல் வருடச் சம்பளத்தை நம்பி ஊரில் கடன் தவணை போட்டவர்களுக்கு இது வலிக்கும்.

யென் மதிப்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2020-இல் ஒரு யென் சுமார் 70 பைசா. 2024 நடுவில் அது 52 பைசா அளவுக்கு இறங்கியது. அதே 80,000 யென் முன்பு 56,000 ரூபாயாக ஊர் வந்தது, பிறகு 42,000-க்கும் கீழே போனது. ஊருக்குப் பணம் அனுப்புவது மட்டும்தான் குறிக்கோள் என்றால், சென்னையிலேயே நல்ல ஐடி சம்பளம் வாங்குபவருக்கு டோக்கியோ இன்று பெரிய இலாபம் இல்லை. இதை வெளிப்படையாகச் சொல்லிவிடுவது நல்லது.

அப்படியானால் எதற்குப் போவது? புள்ளி முறைக்காக. உயர்திறன் வல்லுநர் என்ற பிரிவில் 70 புள்ளி சேர்ந்தால் 3 ஆண்டிலும், 80 சேர்ந்தால் ஒரே ஆண்டிலும் நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்கலாம். மற்றவர்களுக்குப் பொதுவாக 10 ஆண்டு. 30 வயதுக்கு உட்பட்டவருக்கு 15 புள்ளி, முதுகலைப் பட்டத்துக்கு 20, ஐந்து ஆண்டு அனுபவத்துக்கு 10, என்2-வுக்கு 10, ஆண்டுக்கு 60 இலட்சம் யென் சம்பளத்துக்கு 20. கூட்டினால் 75 வருகிறது. என்2-வுக்குப் பதில் என்1 இருந்தால் 15, மொத்தம் 80 ஆகிவிடும். அந்த ஐந்து புள்ளி 3 ஆண்டுக் காத்திருப்பை ஒரே ஆண்டாக்குகிறது. ஆங்கிலத்திலேயே வேலை நடக்கிறதே என்று என்2-வோடு படிப்பை நிறுத்திவிடுபவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும்.

மனிதர்கள் விஷயத்தில் டோக்கியோவுக்கு நிகர் இல்லை. ஜப்பானில் இந்தியர் எண்ணிக்கை 2024 கடைசியில் 50,000-ஐத் தாண்டிவிட்டது. 2000-ஐ ஒட்டிக் கணினிப் பணிக்காக வந்த பொறியாளர்களால் ஏதோகாவா வட்டாரத்தின் நிஷி-கசாய் இந்தியர் பேட்டையாக வளர்ந்தது. அரிசி, பருப்பு, கறிவேப்பிலைக்கு அலைய வேண்டாம். இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகள் இருக்கின்றன, கட்டணம்தான் கனம். டோக்கியோ தமிழ்ச் சங்கம் இருக்கிறது. வீடு தேடும்போது வீட்டுக்காரருக்குத் திரும்பி வராத 'ரெய்கின்' பணம், உத்தரவாத நிறுவனத்துக்கு ஒரு கட்டணம் என்று வரிசையாகச் செலவு நிற்கும். இரண்டும் இல்லாத யூஆர் பொதுக் குடியிருப்புகளில் நம்மவர்கள் அதிகம் இருப்பதற்கு அதுதான் காரணம்.

ஒரகடம்: வீட்டுச் சாப்பாடு, ஜப்பானிய வேலை

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், மகேந்திரா வேர்ல்டு சிட்டி, எல்லை தாண்டினால் ஆந்திரத்தின் ஸ்ரீசிட்டி. யமஹா, கொமாட்சு, டைக்கின், இசுசூ என்று பெரிய பெயர்கள் இந்த வட்டத்துக்குள்ளேயே இருக்கின்றன. அவற்றுக்குப் பாகம் செய்துதரும் சிறிய ஜப்பானிய நிறுவனங்களும் உண்டு. மொழி தெரிந்த ஆள் அங்கேதான் இன்னும் அதிகம் தேவைப்படுகிறார்.

அந்த வேலை எப்படி இருக்கும் என்பது வெளியே பலருக்குத் தெரியாது. காலை ஷிஃப்ட் தொடங்கி ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். வார்ப்புப் பாகம் ஒன்றின் விளிம்பில் பிசிறு நிற்கிறது, ரிஜெக்ஷன் ஏறுகிறது. ஜப்பானிலிருந்து வந்த நிபுணர் லைன் பக்கத்திலேயே நின்று, பாகத்தை விரலால் தடவிக்கொண்டே, "ஏன்?" என்று கேட்பார். லைன் லீடர் சொல்லும் பதிலுக்கு இன்னொரு "ஏன்?" வரும். அப்படியே நாலைந்து தடவை போகும். லீடர், "நைட் ஷிஃப்ட்ல டை மாத்தினாங்க, அப்புறம் சரியா செட் ஆகல சார்" என்பார். மொழிபெயர்ப்பாளர் இதை அப்படியே சொன்னால் போதாது. டை என்றால் என்ன, மாற்றியது அச்சையா, அதன் ஒரு துண்டையா, செட் ஆகவில்லை என்றால் அளவிலா இறுக்கத்திலா என்று அவருக்கே தெரிந்திருக்க வேண்டும். தெரியாதவர் சொல்லும் ஜப்பானிய வாக்கியம் இலக்கணப்படி சரியாக இருந்தாலும் அந்தப் பேச்சு அங்கேயே நின்றுவிடும். டிப்ளமோ மெக்கானிக்கல் படித்துவிட்டு என்3 வைத்திருப்பவர் இங்கே தமிழ் இலக்கியம் படித்த என்1-காரரை முந்திவிடுவதைப் பார்க்கலாம்.

ஒரகடத்தின் பலவீனமும் இதிலேயே இருக்கிறது. மொழிபெயர்ப்பு மட்டும் செய்துகொண்டே போனால், நான்கைந்து ஆண்டில் சம்பளம் ஒரு மட்டத்தில் நின்றுவிடும். ஜப்பானியர் எண்ணிக்கை குறையும் நாளில் முதலில் கேள்விக்குள்ளாவது அந்தப் பதவிதான். முடிவுகளோ வேறு நாட்டுத் தலைமையகத்தில் எடுக்கப்படுகின்றன. 2010-இல் திறந்த ரெனோ-நிசான் ஆலையில் தன்னிடம் இருந்த 51 சதவீதப் பங்கை ரெனோவுக்குக் கொடுப்பதாக நிசான் 2025 மார்ச்சில் அறிவித்தது. ஆலை இருக்கும், கார் ஓடும். ஆனால் ஜப்பானிய மொழிக்கு அங்கே இருக்கும் இடம் அப்படியே இருக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. அதனால் சேர்ந்த இரண்டு ஆண்டுக்குள் தரக் கட்டுப்பாடு, கொள்முதல், உற்பத்தித் திட்டமிடல் ஆகியவற்றில் ஒன்றுக்குள் நகர்ந்துவிடுங்கள். மொழி உங்களை அந்த அறைக்குள் கொண்டுபோய்விடும். அங்கே நிலைக்க வைப்பது தொழில்.

ஜப்பானோடு தொடர்புள்ளவர்கள் ஒருவரையொருவர் தாங்கிப் பிடிக்கும் ஏற்பாடு சென்னையில் பழையது. ஏபிகே-ஏஓடிஎஸ் தோசோகாய் தமிழ்நாடு மையம் என்பதே ஜப்பானில் பயிற்சி பெற்றுத் திரும்பியவர்கள் சேர்ந்து நடத்தும் அமைப்பு. சென்னையில் ஜேஎல்பிடி தேர்வை நடத்துவதும் அவர்களே. சென்னையில் இந்தோ-ஜப்பான் வர்த்தக சபையும் ஜப்பானியத் துணைத் தூதரகமும் உண்டு. வேலை விளம்பரத்தில் வராத தகவல் இந்த வட்டத்தில் காதுக்கு வந்துவிடும். வகுப்பு முடிந்ததும் தொடர்பை விட்டுவிடாதீர்கள்.

திறன் விசா: கனிவும் எச்சரிக்கையும் தேவைப்படும் வழி

2019 ஏப்ரலில் தொடங்கிய விசா இது. முதியோர் பராமரிப்பு, விவசாயம், உணவுத் தயாரிப்பு, கட்டுமானம், கப்பல் கட்டுதல் என்று ஆளில்லாமல் தவிக்கும் துறைகளுக்கானது. 2024 மார்ச்சில் துறைகளை 16 ஆக விரித்தார்கள். பட்டம் வேண்டாம். என்4 அல்லது ஜேஎஃப்டி-பேசிக் எனும் அடிப்படை ஜப்பானிய மொழித் தேர்வு, அதோடு துறைக்கான திறன் தேர்வு, பெரும்பாலான துறைகளுக்கு இவை போதும். இந்தியாவோடு 2021 ஜனவரியில் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஐந்து ஆண்டில் 50,000 திறன் பணியாளர்களை அனுப்புவது என்று 2025 ஆகஸ்டில் இரு அரசுகளும் இலக்கு வைத்தன.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். அதே வேலை பார்க்கும் ஜப்பானியருக்குக் குறையாத சம்பளம் தர வேண்டும் என்பது சட்டம். அதே துறைக்குள் முதலாளியை மாற்றிக்கொள்ளலாம். வெளிநாட்டவரைப் 'பயிற்சியாளர்' என்ற பெயரில் வேலைக்கு எடுக்கும் பழைய தொழில்நுட்பப் பயிற்சித் திட்டத்தில் இந்த உரிமை இல்லாததால்தான் அவ்வளவு அவலம் நடந்தது. அதற்குப் பதிலாக வரும் புதிய திட்டம் 2027 ஏப்ரலில் தொடங்குகிறது. யாராவது இன்று உங்களை 'பயிற்சியாளர்' என்று சொல்லி அழைத்தால், எந்தத் திட்டம், எந்தத் தேதி என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

அடுத்தது குறை. முதல் வகைத் திறன் விசாவில் மொத்தமே 5 ஆண்டுதான், குடும்பத்தை அழைக்க முடியாது. நிரந்தர வசிப்புரிமைக்கு 10 ஆண்டு வசிப்போடு 5 ஆண்டு பணி விசாவும் கேட்பார்கள். அந்த 5 ஆண்டுக் கணக்கில் முதல் வகைத் திறன் விசாவில் உழைத்த காலம் சேராது. பட்டப்படிப்பும் என்2-வும் வைத்துக்கொண்டு, 'சீக்கிரம் கிடைக்கிறது' என்பதற்காக உணவுத் தொழிற்சாலைக்குப் போகாதீர்கள் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம்.

பராமரிப்புத் துறையை மட்டும் தனியாக வைத்துப் பாருங்கள். மூன்று ஆண்டு வேலை, குறிப்பிட்ட பயிற்சி இரண்டையும் முடித்து 'கைகோ ஃபுகுஷிஷி' எனும் பராமரிப்பாளர் தேசியத் தேர்வில் தேறினால் 'கைகோ' (பராமரிப்பு) என்ற தனி விசாவுக்கு மாறலாம். அதற்குக் கால வரம்பு இல்லை, குடும்பமும் வரலாம். உடல் உழைப்பு கடுமை, இரவுப் பணி உண்டு. தேர்வு முழுக்க ஜப்பானிய மொழியில். ஆனாலும் பிளஸ் டூ படித்துவிட்டு, நோயாளியைக் கவனித்துக்கொள்ளும் மனமும் உள்ள ஒருவருக்கு இதைவிடத் தெளிவான ஏணி ஜப்பானில் வேறு தெரியவில்லை.

வேலை சிறிய ஊரில் கிடைத்தால், பேச ஒரு தமிழர்கூட அருகில் இருக்க மாட்டார். அந்தத் தனிமையை ஒப்பந்தத்தில் யாரும் எழுத மாட்டார்கள். பணம் கேட்பவர்களிடமும் எச்சரிக்கை வேண்டும். பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். முன்பணப் பிணை, ஓடிவிட்டால் அபராதம் போன்ற ஒப்பந்தங்களை ஜப்பானியச் சட்டம் ஏற்பதில்லை. இலட்சக்கணக்கில் கேட்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். உரிமம் இருக்கிறதா என்று இந்திய அரசின் இமைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்திலும் விசாரிக்கலாம்.

இந்த மூன்றையும் தவிர, ஆராய்ச்சி ஆர்வம் உள்ளவர்களுக்கு ஜப்பானிய அரசின் மெக்ஸ்ட் உதவித்தொகை இருக்கிறது. கல்விக் கட்டணம் கிடையாது, மாதாமாதம் உதவிப்பணமும் வரும். இடங்கள் குறைவு, கிடைத்தால் யோசிக்காமல் போங்கள்.

எனக்கு யார் கேட்டாலும் சொல்வது இது. கணினி அல்லது பொறியியல் பட்டம், என்2, 30-க்குள் வயது என்றால் டோக்கியோ. புள்ளிகளைக் கூட்டிப் பார்த்துவிட்டுச் சம்பளம் பேசுங்கள். வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்ள வேண்டும், ஊரைவிட்டுப் போக முடியாது என்றால் ஒரகடம். ஆனால் மொழியோடு ஒரு தொழிலைக் கட்டாயம் கற்றுக்கொள்ளுங்கள். பட்டம் இல்லாதவருக்குப் பராமரிப்புத் துறைத் திறன் விசா.

போய்த் திரும்பியவர்களுக்கு ஒன்று. ஜப்பானில் ஓய்வூதியத்துக்குக் கட்டியதற்கு ஒரே தவணையாகப் பணம் திரும்பப் பெற, அந்த நாட்டை விட்டு இரண்டு ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். இப்போதைக்கு 5 ஆண்டுப் பங்களிப்பு வரைதான் கணக்கிடுவார்கள். அதில் 20.42 சதவீதம் வரியாகப் பிடிக்கப்படும். கிளம்பும் முன் ஜப்பானில் ஒருவரை வரிப் பிரதிநிதியாக நியமித்திருந்தால் அதையும் திரும்பக் கேட்கலாம். இந்தியா-ஜப்பான் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் 2016 அக்டோபரிலிருந்து நடப்பில் உள்ளது. இரு நாட்டுப் பணிக்காலத்தையும் சேர்த்துத் தகுதி பார்க்க அதில் வழி உண்டு. ஒரே தவணையாகப் பணத்தை வாங்கிவிட்டால் அந்தக் காலம் கணக்கிலிருந்து போய்விடும். மறுபடி ஜப்பான் போகும் எண்ணம் துளியாவது இருந்தால், விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடும் முன் இதை வீட்டில் உட்கார்ந்து பேசிவிடுங்கள்.