தொட்டபெட்டாவா, ராமர் பாதமா?

நீலகிரிக்காரரும் டெல்டாக்காரரும் ஒரே ஹாஸ்டலில் தங்கினால் இந்தச் சண்டை வராமல் இருக்காது. "உங்க ஊர்ல மேடுன்னா ஸ்பீடு பிரேக்கர்தானே?" என்று மலைக்காரர் ஆரம்பிப்பார். "டபுள்ஸ் வச்சு சைக்கிள் மிதிச்சிருக்கியா நீ?" என்று பதில் வரும்.

எண்ணிக்கையில் போட்டியே இல்லை. தொட்டபெட்டா 2,637 மீட்டர். கோடியக்கரையின் மிக உயர்ந்த இடமான ராமர் பாதம் சுமார் 4 மீட்டர். ரயிலிலும் மலைக்குத்தான் வெற்றி: மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு 46 கிலோமீட்டர்தான், ஆனால் செங்குத்தான பகுதியில் பல்சக்கரத்தால் பல் தண்டவாளத்தைக் கவ்விக் கவ்வி ஏறி, பயணத்தை முடிக்க ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகிறது.

சமையலறைக்குள் நுழைந்தால் ஆட்டம் மாறும். ஊட்டி உயரத்தில் காற்றழுத்தம் குறைவு என்பதால் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் சோறு வேக நேரம் பிடிக்கும். திறந்த பானையில் வடித்த சோறு என்றால் தஞ்சாவூர்ப் பக்கம்தான்.

ஆனால் உயரத்தை நுணுக்கமாக அறிந்தவர் யார் என்று கேட்டால், என் ஓட்டு சமவெளிக்கு. பரம்படித்துச் சமமாக்கிய வயலில் தண்ணீர் கட்டினால், நாலு விரல் மேடுகூடத் தனியாகத் தெரியும். அந்த இடத்தில் நாற்றைவிடக் களை முந்திக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அரை அடி பள்ளமான வயலில் தண்ணீர் வடியாமல் பயிர் அழுகும். பக்கத்து வயல் தப்பிக்கும். வீடு கட்டுகிறவர் முதலில் பேசுவது பேஸ்மட்டத்தைப் பற்றித்தான். சாலை மேல் சாலையாகப் போட்டு ரோடு உயர்ந்துகொண்டே போனால், தெருத் தண்ணீர் வாசலுக்குள் வரும். மலையில் ஐம்பது அடி ஏறுவது ஒரு வளைவுதான். இங்கே அரை அடிக்குப் பஞ்சாயத்தே நடக்கும்.

அப்புறம் பெரிய கோயில். பாறையே இல்லாத வண்டல் மண்ணுக்கு வெளியிலிருந்து கல்லைக் கொண்டுவந்து, 1010 வாக்கில் 216 அடி விமானத்தை எழுப்பினான் ராஜராஜன். அங்கே உள்ள கல்வெட்டுகளில் தட்சிணமேரு, அதாவது தெற்கத்தி மேரு மலை, என்ற பெயர் வருகிறது. மலை இல்லாத ஊர்க்காரர்கள் தங்களுக்கென்று ஒரு மேருவையே கட்டிக்கொண்டார்கள். டெல்டாக்காரர் எப்போது கேட்டாலும் காலரைத் தூக்கிவிடலாம்.

மலைக்காரரிடமும் ஒரு துருப்புச் சீட்டு இருக்கிறது, அது மழை. 2019 ஆகஸ்டில் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 91 சென்டிமீட்டர் கொட்டியது. பருவமழையைத் தடுத்து நிறுத்தும் அந்தச் சரிவுகள்தான் பவானி ஆற்றை நிரப்புகின்றன. பவானிசாகர் நிரம்பி உபரி நீர் திறந்தால், அது மேட்டூர் அணைக்குப் போகாமலேயே பவானி கூடுதுறையில் காவிரியோடு கலந்து கல்லணைக்கு வரும். "உன் வயலுக்குத் தண்ணி எங்க மலைதான் அனுப்புது" என்று அவர் சொன்னால், டெல்டாக்காரர் மறுக்க முடியாது. "சரி, உன் குக்கர்ல வேகுற அரிசி எங்கிருந்து வருது?" என்று வேண்டுமானால் கேட்கலாம்.