சிற்றலை லூப் ஆண்டெனா என்று சொல்லி டிவி பூஸ்டரை விற்கிறார்கள்: எச்சரிக்கை

சிற்றலை (ஷார்ட்வேவ்) வானொலி கேட்பவர்கள் குறைந்துவிட்டோம். பிபிசி தமிழோசை 2017 ஏப்ரல் 30-ஆம் தேதியோடு வானொலியில் நின்றபோதே பலர் ரேடியோவைப் பரணில் ஏற்றிவிட்டார்கள். மிச்சமிருப்பவர்களில் பாதிப் பேர் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இருக்கிறோம். மொட்டை மாடியில் பத்து மீட்டர் கம்பி இழுக்க அனுமதி கிடைப்பதில்லை. அதனால் வீட்டுக்குள் வைக்கிற லூப் ஆண்டெனாவை, அதாவது வளைய வடிவ ஆண்டெனாவைத் தேடுகிறோம். அந்தத் தேவையைத்தான் சிலர் காசாக்குகிறார்கள். போன மாதம் என்னிடமிருந்து 4,850 ரூபாய் இப்படிப் போனது. இன்னொருவருக்கு இது நடக்கக்கூடாது என்பதற்காக நடந்ததை முழுமையாக எழுதுகிறேன்.

திருச்சியில் இரண்டாவது மாடியில் குடியிருக்கிறேன். இணையத்தில் பார்த்த விளம்பரம் இப்படிச் சொன்னது: சுத்தச் செம்பு வளையம், 60 சென்டிமீட்டர் விட்டம், 100 கிலோஹெர்ட்ஸ் முதல் 500 மெகாஹெர்ட்ஸ் வரை எல்லா அலைவரிசையும், இரைச்சலே கிடையாது. கூடவே ஒரு வீடியோ. 31 மீட்டர் என்கிற சிற்றலைப் பட்டையில் ஒரு நிலையம் மெலிதாகக் கேட்கிறது. ஆண்டெனாவைச் செருகியதும் ரேடியோவின் சிக்னல் மீட்டர் இரண்டு கோட்டிலிருந்து உச்சிக்குத் தாவுகிறது. விற்பவரிடம் தொலைபேசியில் பேசினேன். பதினாறு ஆண்டுகளாக ஹாம் ரேடியோவில் (உரிமம் பெற்று, பொழுதுபோக்காக வயர்லெஸில் பேசுவது) இருப்பதாகச் சொன்னார். உரிமம் பெற்ற ஹாம் ஒவ்வொருவருக்கும் அழைப்புக்குறி உண்டு. இந்தியாவில் அது பெரும்பாலும் வி.யு.2 அல்லது வி.யு.3 என்று தொடங்கும். அதை நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும். பணத்தை அவருடைய சொந்த எண்ணுக்கே யுபிஐ மூலம் அனுப்பினேன். அது இரண்டாவது தவறு.

ஐந்தாம் நாள் பொட்டலம் வந்தது. மாலை ஏழு மணிக்கு, 31 மீட்டர் நன்றாகத் திறந்திருக்கும் நேரத்தில், ஜன்னலோரம் வைத்து இணைத்தேன். மீட்டர் உச்சிக்குப் போனது, ஆனால் நிலையம் இருக்கும் இடத்திலும் உச்சி, இல்லாத இடத்திலும் உச்சி. தகரக் கூரையில் மழை கொட்டுவது போன்ற இரைச்சல். ஆண்டெனாவைக் கழற்றிவிட்டு ரேடியோவின் சொந்தக் கம்பியை நீட்டினேன். குரல் மெலிதாக வந்தது, ஆனால் சொல் புரிந்தது. லூப்பைச் செருகினால் குரலும் பெருகியது, இரைச்சல் அதைவிட அதிகமாகப் பெருகியது. நமக்கு வேண்டியது இரைச்சலுக்கு மேலே குரல் எவ்வளவு எழுந்து நிற்கிறது என்பதுதான். மீட்டருக்கு அந்த வித்தியாசம் தெரியாது. விற்பவர்கள் வீடியோவில் மீட்டரை மட்டும் காட்டுவதற்கு இதுவே காரணம்.

முதலில் என் வீட்டைத்தான் சந்தேகித்தேன். எல்.இ.டி. பல்பு, செல்பேசி சார்ஜர், இன்வெர்ட்டர் எல்லாமே சிற்றலையில் இரைச்சலைக் கொட்டும். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு ரேடியோவை பேட்டரியில் கேட்டேன். இரைச்சல் கணிசமாகக் குறைந்தது. எந்த ஆண்டெனா வாங்கும் முன்பும் இந்தச் சோதனையைச் செய்யுங்கள், செலவில்லாதது. என் வீட்டில் முக்கியக் குற்றவாளி கூடத்து எல்.இ.டி. பட்டைவிளக்கு. அதை மாற்றிய பிறகும் லூப் இணைத்தால் அதே மழைதான்.

பிறகு டயலை மெதுவாக நகர்த்தியபோது ஒன்று கவனித்தேன். சுமார் 65 கிலோஹெர்ட்ஸுக்கு ஒரு முறை, அளந்து வைத்ததுபோல, ஒரு தடித்த உறுமல் வந்து போனது. அது ஸ்விட்சிங் அடாப்டரின் கையெழுத்து. ஆண்டெனாவோடு அனுப்பியிருந்த 12 வோல்ட் அடாப்டரைப் பிடுங்கிவிட்டு எட்டுப் பென்சில் செல்களைக் கோர்த்துக் கொடுத்தேன். உறுமல் வரிசை மறைந்தது. இரைச்சலைக் குறைக்கும் என்று விற்ற பொருளோடு இரைச்சல் எந்திரத்தையும் சேர்த்தே அனுப்பியிருக்கிறார்கள்.

இனி சொல்லப்போவதுதான் முக்கியம். லூப் ஆண்டெனாவை வீட்டுக்குள் வைப்பதற்கு ஒரே பெரிய காரணம், அதற்குத் திசை உண்டு என்பது. வளையத்தின் தட்டையான முகம் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கத்திலிருந்து வருவதை அது எடுக்காது. வளையத்தின் விளிம்பு நோக்கும் திசையில் நன்றாக எடுக்கும். அதனால் வளையத்தைத் திருப்பித் திருப்பி, பக்கத்து வீட்டு இரைச்சல் அமுங்கும் கோணத்தைப் பிடித்துவிடலாம். சிற்றலை வானத்திலிருந்து சாய்ந்து இறங்கி வருவதால் தொலைதூர நிலையத்தைத் திருப்பி மறைப்பது கடினம். அருகிலுள்ள இரைச்சலையும் உள்ளூர் மத்திய அலை (மீடியம் வேவ்) நிலையத்தையும் தெளிவாக அமுக்கலாம்.

ஆகவே உள்ளூர் நிலையத்தை வைத்தே சோதித்தேன். பகலில் 936 கிலோஹெர்ட்ஸ், திருச்சி வானொலி. ரேடியோவுக்குள் ஆண்டெனாவாக இருக்கும் ஃபெரைட் கம்பியைத் துண்டித்து வெளி ஆண்டெனாவை மட்டும் கேட்கும் வசதி என் ரேடியோவில் உண்டு. வளையத்தை ஒரு முழுச் சுற்று, பத்துப் பத்து பாகையாகத் திருப்பினேன். மீட்டர் அசையவே இல்லை. சந்தேகத்தில் ஆண்டெனாவிலிருந்து ரேடியோவுக்கு வரும் கேபிளைத் தரையிலிருந்து தூக்கிப் பிடித்தேன். மீட்டர் ஏறியது. கீழே விட்டேன், இறங்கியது. வளையம் வெறும் அலங்காரம். உண்மையில் கேட்டுக்கொண்டிருந்தது கேபிள்தான். கேபிளோ டிவி, ரவுட்டர் எல்லாவற்றையும் உரசிக்கொண்டு வருகிறது.

இன்னொரு கோளாறும் கண்ணில் பட்டது. 1872 கிலோஹெர்ட்ஸில் திருச்சி வானொலியின் நாகஸ்வரம் தெளிவாகக் கேட்டது. அது 936-இன் சரியாக இரண்டு மடங்கு. ஆண்டெனாவின் மின்சாரத்தை நிறுத்தினால் காணாமல் போனது. ரேடியோவுக்குள் வரும் சிக்னலைக் குறைக்கும் ‘லோக்கல்’ சுவிட்சைப் போட்டுப் பார்த்தேன். மற்ற நிலையங்கள் இறங்கிய அளவுக்குத்தான் அதுவும் இறங்கியது. ரேடியோவுக்குள்ளேயே உண்டான போலியாக இருந்தால் அதைவிட அதிகமாக இறங்கியிருக்கும். அப்படியென்றால் கோளாறு ரேடியோவுக்கு முன்னால், ஆண்டெனாவில் சிக்னலைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையரில். பக்கத்து மத்திய அலையின் பலத்தைத் தாங்க முடியாமல் இல்லாத இடங்களிலெல்லாம் போலி நிலையங்களை உண்டாக்குகிறது. பெரிய மத்திய அலை நிலையம் இருக்கும் ஊர்க்காரர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதன் பிறகுதான் வளையத்துக்குக் கீழே இருக்கும் கறுப்புப் பெட்டியின் நான்கு திருகுகளைக் கழற்றினேன். உள்ளே தீப்பெட்டி அளவில் ஒரு போர்டு, ஒற்றை டிரான்சிஸ்டர். போர்டின் ஓரத்தில் வெள்ளை எழுத்தில் 47–862 என்று அச்சிட்டிருந்தது. கேபிள் டிவி பூஸ்டர்களில் போடும் எண் அது: 47 முதல் 862 மெகாஹெர்ட்ஸ் வரை. சிற்றலை 30 மெகாஹெர்ட்ஸோடு முடிந்துவிடுகிறது! வளையத்தின் ஒரு முனையை நேராகக் கேபிளின் வெளிவலையோடு சேர்த்துப் பற்றவைத்திருந்தார்கள். லூப்பின் இரண்டு முனைகளும் சமமாக ஒரு டிரான்ஸ்ஃபார்மருக்கோ சமநிலை ஆம்ப்ளிஃபையருக்கோ போக வேண்டும். இங்கே அப்படி எதுவும் இல்லை. பெட்டியின் மூலையில், பசை வைத்து ஒட்டிய ஒரு கட்டை இரும்பு நட்டு. மின்சுற்றில் அதற்கு எந்த வேலையும் கிடையாது. கையில் எடுக்கும்போது கனமாக இருக்கட்டும் என்று வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்தபோதுதான் எனக்கு உண்மையிலேயே வயிறு எரிந்தது. தெரியாமல் செய்த தவறு என்று எதையும் மன்னிக்கலாம், இது யோசித்துச் செய்தது.

வளையத்தைத் திருப்புளியால் கீறினேன். செம்பு நிறம் உரிந்து வெள்ளை உலோகம் தெரிந்தது, அலுமினியம். கேட்பதற்கு மட்டும் பயன்படும் லூப்பில் அலுமினியம் பெரிய குறையல்ல. ஆனால் செம்பு என்று விற்றது பொய்.

‘500 மெகாஹெர்ட்ஸ் வரை’ என்பதையும் கணக்குப் போட்டிருக்க வேண்டும். வளையத்தின் சுற்றளவு அலைநீளத்தின் பத்தில் ஒரு பங்குக்குள் இருந்தால்தான் திருப்பி அமுக்கும் குணம் நன்றாக நிற்கும். 60 சென்டிமீட்டர் வளையத்தின் சுற்றளவு ஏறத்தாழ 1.9 மீட்டர். 500 மெகாஹெர்ட்ஸின் முழு அலைநீளமே 60 சென்டிமீட்டர்தான். அங்கே அது லூப்பாகவே நடந்துகொள்ளாது.

விற்றவரை அழைத்தேன். “உங்கள் வீட்டில் இரைச்சல் சார், ஆண்டெனாவில் குறையில்லை” என்றார். திருப்பினால் மாற்றமே இல்லை என்றதும், “எங்கிருந்து வந்தாலும் எடுக்கும் சார், அதுதான் இதன் சிறப்பு” என்றார். போர்டின் படத்தை அனுப்பியதும் பேச்சு மாறியது. “பெட்டியைத் திறந்துவிட்டீர்கள், இனி பணம் திரும்பாது.” அன்று மாலையே என் எண்ணைத் தடுத்துவிட்டார். திறக்கும் முன்பே, இரைச்சலையும் திருப்பும் சோதனையையும் வீடியோ எடுத்து எழுத்து மூலம் புகார் அனுப்பியிருக்க வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்திருக்கிறேன். விற்பனைத் தளம் வழியாகப் பணம் கட்டாததால் அவருடைய முகவரியைக்கூட நான்தான் தேடிக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

எங்கள் தெருவில் காவல்துறை வயர்லெஸ் பிரிவில் இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். போர்டைக் கையில் வாங்கிப் பார்த்தவர், “தம்பி, இதற்கு முன்னால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே” என்று மட்டும் சொன்னார். பிறகு உள்ளே போய், பழுதான வால்வு ரேடியோவிலிருந்து எடுத்த ஒரு கேங் கண்டென்சரைக் (நிலையம் பிடிக்கத் திருகும் பாகம்) கொண்டுவந்தார். ஏ.சி. மெக்கானிக்கிடம் கால் அங்குலச் செம்புக் குழாய் இரண்டு மீட்டர் வாங்கி, 60 சென்டிமீட்டர் வளையமாக வளைத்து, இரண்டு முனைகளையும் கேங்கில் பற்றவைத்தோம். உள்ளே, அதன் ஐந்தில் ஒரு பங்கு அளவில், 12 சென்டிமீட்டர் விட்டமுள்ள சிறு வளையம். ரேடியோவுக்குப் போகும் கேபிள் அந்தச் சிறு வளையத்தில் மட்டும் இணைகிறது. அடாப்டர் இல்லை, டிரான்சிஸ்டர் இல்லை. செலவு 900 ரூபாய்க்குள்.

இதற்கும் குறை உண்டு. அலைவரிசையைச் சற்று நகர்த்தினாலும் கேங்கை மறுபடி திருக வேண்டும். கையை அருகே கொண்டுபோனாலே டியூனிங் நழுவும், அதனால் நீண்ட பிளாஸ்டிக் குமிழ் போட்டிருக்கிறோம். ஏறத்தாழ 6.5 முதல் 18 மெகாஹெர்ட்ஸ் வரைதான் பிடிக்கிறது. ஆனால் 10 மெகாஹெர்ட்ஸில் சீனாவின் பி.பி.எம். நேரக்குறி நிலையத்தை வைத்துக்கொண்டு கேங்கைத் திருகும்போது, ஓர் இடத்தில் இரைச்சலுக்குள்ளிருந்து நொடிக்கு ஒரு ‘டிக்’ எழுந்து வருகிறது. வளையத்தை ஜன்னலை ஒட்டிக் கால்வாசி திருப்பினால் மாடிப்படி விளக்கின் இரைச்சல் அப்படியே அமுங்குகிறது. கான்கிரீட் சுவரின் கம்பிகள் அலையை மறைப்பதால், அறையின் நடுவில் வைத்தால் இதில் பாதிகூட வருவதில்லை.

டியூன் செய்யத் தேவையில்லாத, ஆம்ப்ளிஃபையரோடு வரும் நல்ல லூப்களும் சந்தையில் உண்டு. அவற்றைக் குறை சொல்லவில்லை. யாரிடம் வாங்கினாலும், பணம் அனுப்பும் முன் ஒரு வீடியோ கேளுங்கள்: பகல் நேரம், உள்ளூர் மத்திய அலை நிலையம், கேபிளைத் தொடாமல் வளையத்தை மட்டும் ஒரு முழுச் சுற்று. ஒலி இரண்டு இடங்களில் அமுங்க வேண்டும். அடுத்து, நிலையம் இருக்கும் இடத்தையும் அதன் பக்கத்து வெற்றிடத்தையும் மாற்றி மாற்றிக் காட்டச் சொல்லுங்கள். சாக்குச் சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

நேற்று அந்த விளம்பரத்தை மறுபடி பார்த்தேன். வேறு பெயர், வேறு வீடியோ, விலை 5,400 ரூபாய். வளையத்துக்குக் கீழே அதே கறுப்புப் பெட்டி, அதே நான்கு திருகு.