டெத்: 34 வருடம் காத்திருந்த ஏழு பாட்டு

ஏழே பாட்டு. மொத்தமாக அரை மணி நேரம்கூட ஓடாது. 1975-ல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்தில் பதிவானது, 2009-ல்தான் ஆல்பமாக வெளிவந்தது. பேண்டின் பெயர் டெத், ஆல்பத்தின் பெயர் ‘ஃபார் தி ஹோல் வேர்ல்ட் டு ஸீ’. இதைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் அது காணாமல் போய்க் கிடைத்த கதையைத்தான் எழுதுகிறார்கள். கதை பெரியதுதான், நானும் சொல்வேன். அதற்கு முன்னால் வாசிப்பைப் பற்றிப் பேசிவிட வேண்டும். நான் பேஸ் கிதார் வாசிக்கிறவன். இந்த ஆல்பத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது பேஸும் டிரம்ஸும்தான்.

பேண்டில் மூன்று பேர், மூவரும் அண்ணன் தம்பிகள். மூத்தவர் டேவிட் ஹாக்னி கிதார். பாபி பாடிக்கொண்டே பேஸ் வாசிக்கிறார். டானிஸ் டிரம்ஸ். முதலில் ஃபங்க் (தாளத்தை முன்னால் வைக்கிற கறுப்பின நடன இசை) வாசித்துக்கொண்டிருந்தவர்கள், அப்புறம் ராக் பக்கம் திரும்பினார்கள். அந்தப் பழைய பழக்கம் கையை விட்டுப் போகவில்லை என்பது முதல் பாட்டான ‘கீப் ஆன் நாக்கிங்’கிலேயே தெரிந்துவிடும். பின்னால் வந்த பல பங்க் (வேகமும் கோபமுமான எளிய ராக், ஃபங்க் வேறு இது வேறு) ஆல்பங்களில் கிதார் எந்த ஸ்வரத்தில் நிற்கிறதோ அதே ஸ்வரத்தைத்தான் பேஸும் தட்டிக்கொண்டிருக்கும். இங்கே பாபியின் பேஸ் தனக்கென்று ஒரு வழி வைத்துக்கொண்டு ஓடுகிறது. அண்ணன் கிதாரில் எங்கே இடம் விடுகிறாரோ அங்கே தம்பி புகுந்துவிடுகிறார். ஒரே வீட்டில் வளர்ந்து, ஒரே அறையில் சேர்ந்து வாசித்துப் பழகினால்தான் இப்படி வரும்.

கடைசிப் பாட்டு ‘பாலிட்டீஷியன்ஸ் இன் மை ஐஸ்’தான் என் கணக்கில் ஆல்பத்தின் உச்சம். கிட்டத்தட்ட ஆறு நிமிடம் ஓடுகிற பாட்டு. அரசியல்வாதிகள் மேல் ஒரு இளைஞனுக்கு வருகிற நேரடியான கோபம். வியட்நாம் போர் முடிந்த வருடத்தில் பதிவானது என்பதை மனதில் வைத்துக்கொண்டு கேளுங்கள். வேகம் பிடிப்பதும் விடுவதுமாகப் போகிற இந்தப் பாட்டின் பேஸை உட்கார்ந்து எடுத்துப் பார்த்தேன். ஸ்வரங்கள் சீக்கிரம் பிடிபட்டுவிடும். அந்த வேகத்தில் கை இறுகாமல் வாசித்து, கூடவே பாடவும் செய்வதுதான் பெரிய காரியம். பாபிக்கு அப்போது இருபது வயதுகூட ஆகவில்லை.

‘ஃப்ரீக்கின் அவுட்’ கேட்டால் வருடத்தை நம்ப முடியாது. பங்க்கின் முன்னோடி என்று பேசப்படுகிற நியூயார்க் பேண்டு ரமோன்ஸின் முதல் ஆல்பம் வந்தது 1976-ல். அதற்கு முந்தின வருடமே, நியூயார்க்கிலிருந்து அவ்வளவு தூரத்தில், அப்படி ஒரு வேகம். அதற்காக இவர்கள் வானத்திலிருந்து குதித்தார்கள் என்று சொல்ல மாட்டேன். டெட்ராய்ட்டில் எம்சி5 என்ற ராக் பேண்டு தன் முதல் ஆல்பத்தை 1968-லேயே மேடையில் வைத்துப் பதிவு செய்துவிட்டது. ஸ்டூஜஸ் என்ற இன்னொரு ராக் பேண்டின் முதல் ஆல்பம் 1969. அந்தச் சத்தம் ஊரின் காற்றிலேயே இருந்தது. ஆனால் அதே ஊர், கறுப்பினக் கலைஞர்களின் சோல் இசைக்குப் பேர்போன மோடவுன் இசைத்தட்டு நிறுவனத்தின் ஊரும்கூட. கறுப்பினப் பையன்கள் என்றால் சோல் வாசிக்க வேண்டும், ஃபங்க் வாசிக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிற இடத்தில் இந்த மூவரும் ராக்கை எடுத்துக்கொண்டார்கள். வேகத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது அந்தத் துணிச்சல்.

‘லெட் தி வேர்ல்ட் டர்ன்’ எல்லோருக்கும் பிடிக்கும் என்று சொல்ல முடியாது. மிதந்து மிதந்து மெதுவாகத் தொடங்கி, திடீரென்று பாய்ந்து, நடுவில் டானிஸுக்கு டிரம்ஸ் தனியாவர்த்தனமும் உண்டு. பங்க் என்று நினைத்து வருகிறவர்கள் இந்த இடத்தில் பொறுமை இழக்கலாம். எனக்கு இது வேண்டியிருக்கிறது. ‘யூ ஆர் எ பிரிசனர்’ மாதிரிச் சட்டென்று வெட்டி வெட்டிப் போகிற பாட்டுக்கு முன்னால் இப்படி ஒரு விரிவு இருந்தால்தான் அந்த வெட்டு உறைக்கும். ‘ராக் அண்ட் ரோல் விக்டிம்’ நல்ல பாட்டு, அவ்வளவுதான். ‘வேர் டூ வீ கோ ஃப்ரம் ஹியர்’ கேட்கக் கேட்கத்தான் ஒட்டுகிறது.

சரி, கதைக்கு வருகிறேன். தந்தை விபத்தில் இறந்த பிறகு பேண்டுக்கு டெத் என்று பெயர் வைத்தவர் டேவிட். சாவை எல்லோரும் பயத்தோடு பார்க்கிறார்கள், அதற்கு வேறொரு பொருள் கொடுக்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம். யுனைடெட் சவுண்ட் ஸ்டூடியோவில் பதிவு நடந்தது. பன்னிரண்டு பாட்டு எடுப்பதாகத் திட்டம். இசைத்தட்டு உலகின் பெரிய தலை கிளைவ் டேவிஸ் அதற்குப் பணம் கொடுத்ததாகவும், பெயரை மாற்றச் சொன்னதாகவும், டேவிட் முடியாது என்று சொன்னதும் ஆதரவு நின்றுபோனதாகவும் சகோதரர்கள் சொல்கிறார்கள். ஏழு பாட்டோடு வேலை நின்றது. 1976-ல் சொந்தமாக ட்ரையாங்கிள் என்று ஒரு லேபிள் (இசைத்தட்டு நிறுவனம்) வைத்து, ‘பாலிட்டீஷியன்ஸ்’ பாட்டை ஒரு பக்கமும் ‘கீப் ஆன் நாக்கிங்’கை மறுபக்கமும் போட்டு 500 தட்டுகள் அடித்தார்கள். வானொலிகள் அதைக் கண்டுகொள்ளவில்லை.

குடும்பம் வெர்மான்ட் மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தது. அங்கே பக்திப் பாட்டுகளை ராக் பாணியில் வாசித்தார்கள். பிறகு டேவிட் மட்டும் டெட்ராய்ட்டுக்குத் திரும்பிவிட, பாபியும் டானிஸும் லாம்ப்ஸ்பிரெட் என்று ஒரு ரெகே (ஜமைக்கா இசை) பேண்டு நடத்தினார்கள். 2000-ல் டேவிட் நுரையீரல் புற்றுநோயில் இறந்துபோனார். உலகம் ஒரு நாள் இதைத் தேடி வரும் என்று நம்பி, பதிவு டேப்புகளைத் தம்பியிடம் கொடுத்துவைத்திருந்தார்.

அவர் நம்பியது நடந்தது. அந்த 500 தட்டுகளில் மிஞ்சியவை சேகரிப்பாளர்கள் கையில் அரும்பொருளாகி, பாட்டு இணையத்தில் பரவியது. பாபியின் மகன்களுக்கு அப்பா இப்படி ஒரு பேண்டில் இருந்தார் என்பதே தெரியாது. ஒரு விருந்தில் அந்தப் பாட்டு ஒலித்தபோது மகன் ஒருவர் அப்பாவின் குரலை அடையாளம் கண்டுகொண்டார். பிள்ளைகள் ரஃப் ஃபிரான்சிஸ் என்று ஒரு பேண்டு தொடங்கி அப்பாவின் பேண்டு பாட்டுகளை மேடையில் வாசித்தார்கள். 2009-ல் சிகாகோவின் டிராக் சிட்டி நிறுவனம் ஏழு பாட்டையும் வெளியிட்டது.

தட்டின் ஒலி எனக்குத் திருப்தி. ஒழுங்கான ஸ்டூடியோவில் எடுத்தது என்பதால் டிரம்ஸ் தெளிவாக விழுகிறது, பேஸ் கிதாருக்கு அடியில் புதைந்துபோகவில்லை. இந்த மாதிரி மீட்டெடுத்த பதிவுகளில் பெரும்பாலும் இரைச்சலைப் பொறுத்துக்கொண்டுதான் கேட்க வேண்டியிருக்கும். இதில் அந்தத் தொல்லை கிடையாது. குறை என்றால், ஏழோடு முடிகிறதே என்பதுதான். எடுக்கப்படாத மற்ற ஐந்து பாட்டும் எப்படி இருந்திருக்கும் என்று ஒவ்வொரு தடவையும் எனக்கு ஏக்கமாக இருக்கிறது.

வாங்குகிறவர்கள் இதிலிருந்தே தொடங்குங்கள். 2011-ல் வந்த ‘ஸ்பிரிச்சுவல் மென்டல் ஃபிசிக்கல்’ அதே காலத்து ஒத்திகைப் பதிவுகளின் தொகுப்பு, ஒலி கரடுமுரடாக இருக்கும். டேவிடின் கிதாரை இன்னும் கொஞ்சம் கேட்க வேண்டும் என்று ஆகிவிட்டவர்களுக்கு அது. 2012-ல் வந்த ‘எ பேண்ட் கால்டு டெத்’ ஆவணப்படத்தை ஆல்பத்தைக் கேட்ட பிறகு பாருங்கள். கேட்கும்போது ‘ஹெட்ஃபோன்’ வேண்டாம், முடிந்தால் நல்ல ஸ்பீக்கரில், பேஸைக் குறைக்காமல்.