பாலைக் கூட்டுறவுச் சங்கத்தில் ஊற்றுவதா, தனியாருக்கா?

புதிதாக இரண்டு கறவை மாடுகள் வாங்கிய என் தங்கை கேட்ட கேள்வி இது.

விலை
சங்கம்: அரசு அறிவிப்பதுதான். 2022 நவம்பரில், சங்கங்களிடம் பால் வாங்கும் ஆவினின் கொள்முதல் விலை பசும்பாலுக்கு லிட்டர் 35 ரூபாய், எருமைப்பாலுக்கு 44 ரூபாய் ஆனது. 2023 டிசம்பரில் லிட்டருக்கு 3 ரூபாய் ஊக்கத்தொகை சேர்ந்தது.
தனியார்: சந்தையோடு ஏறி இறங்கும். கோடையில் பால் வற்றும்போது கூடுதலாகத் தருவார்கள். மழைக்குப் பின் பால் பெருகினால் கை சுருங்கும்.

தரம்
இருவருமே கொழுப்பையும் இதர சத்தையும் பார்த்துத்தான் பணம் தருகிறார்கள். அறிவித்த விலை குறிப்பிட்ட தரத்துக்கு மட்டுமே. இது தெரியாமல் ஏமாறுபவர்கள் ஏராளம். முதலில் கறக்கும் பால் நீர்த்திருக்கும், மடியின் கடைசிப் பாலில்தான் கொழுப்பு அதிகம். கடைசிப் பாலைக் கன்றுக்கு விட்டுவிட்டால் கொழுப்பு அளவு குறைந்துதான் காட்டும். முதலில் கன்றை ஊட்டவிட்டு, பிறகு முழுக்கக் கறங்கள். எங்கே ஊற்றினாலும் ஒவ்வொரு வேளையும் அளவுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள்.

பணம்
சங்கம்: சில ஊர்களில் பட்டுவாடா தாமதமாகும்.
தனியார்: முன்பணம் கிடைக்கும், அது தீரும்வரை வேறிடத்தில் ஊற்ற முடியாது.

ஒன்றிரண்டு மாடுகளும் சொந்தத் தீவனமும் இருந்தால் சங்கமே நல்லது. சினை ஊசி, கால்நடை மருத்துவம், கலப்புத் தீவனம் ஆகியவற்றுக்கும் அங்கே வழியுண்டு. பத்து மாடுகளுக்கு மேல் வைத்து, வாராவாரம் தீவனக் கடைக்குப் பணம் கட்டுபவர் தனியாரிடம் பேரம் பேசலாம். தங்கையைச் சங்கத்தில் உறுப்பினராகச் சேரச் சொல்லிவிட்டேன்.