மேட்ச் பார்க்க மதுரைக்கு வருகிறவர்கள் கவனத்துக்கு: ‘பர்கர் - பீர் காம்போ’ பலகையைப் பார்த்து உட்காரும் முன்

மதுரையில் பெரிய ஆட்டங்கள் இனி அடிக்கடி நடக்கும். ரேஸ்கோர்ஸில் சர்வதேச ஹாக்கி அரங்கம் இருக்கிறது. ரிங் ரோடு பக்கம் வேலம்மாள் கிரிக்கெட் மைதானம் 2025 அக்டோபரில் திறந்தாகிவிட்டது. வெளியூர்க்காரர்கள் கூட்டம் கூட்டமாக வருவார்கள். ஆட்டத்துக்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்னால் பக்கத்தில் எங்காவது உட்கார்ந்து, நல்லதாக ஒரு பர்கர், ஆளுக்கு ஒரு பீர் என்று நினைப்பது இயல்பு. அந்த இரண்டு மணி நேரத்தைக் குறிவைத்தே சில இடங்களில் ஒரு வேலை நடக்கிறது. அதில் நாங்கள் பட்டதை அப்படியே எழுதுகிறேன். கடையின் பெயரைப் போடவில்லை. பெயர் போட்டால் அந்த ஒரு கடையை மட்டும் தவிர்ப்பீர்கள். எப்படி ஏமாற்றுகிறார்கள் என்று தெரிந்தால் எந்தக் கடையிலும் உஷாராக இருக்கலாம்.

2025 டிசம்பர் 2, ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கி. 24 நாடுகள் ஆடிய முதல் ஜூனியர் உலகக் கோப்பை அது. சென்னையிலும் மதுரையிலும் நடந்தது. அன்று நம்மூரில் இந்தியாவுக்கும் சுவிட்சர்லாந்துக்கும் ஆட்டம். கோவில்பட்டியிலிருந்து என் மச்சினனும் அவனுடைய கூட்டாளிகள் இரண்டு பேரும் வந்திருந்தார்கள். கோவில்பட்டி என்றால் ஹாக்கி. அந்த ஊரில் மட்டையைப் பிடிக்காமல் வளர்ந்த பையன்கள் குறைவு. மூன்று பேருமே ஆடுகிறவர்கள், அதில் ஒருவர் கோல்கீப்பர். இந்திய அணி உலகக் கோப்பையில் ஆடுவதைப் பக்கத்திலிருந்து பார்க்கப்போகிறோம் என்று அவர்கள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. அதனால்தான் இதை இவ்வளவு கோபத்தோடு எழுதுகிறேன்.

“அத்தான், தோசை பரோட்டா எல்லாம் ஊர்லயே இருக்கு. இன்னைக்கு பர்கர் சாப்பிடலாம்” என்றான் மச்சினன். அரங்கத்துக்கு நடந்து போகிற தூரத்தில், பார் லைசென்ஸ் வைத்திருக்கிற ஓர் உணவகம். வாசலில் பெரிய பேனர்: மேட்ச் காம்போ, ஒரு சிக்கன் பர்கர், ஒரு பீர், பிரெஞ்ச் ஃப்ரைஸ், 499 ரூபாய். பீர் எத்தனை மில்லி என்று பேனரில் இல்லை. மூன்று காம்போ சொன்னோம். கோல்கீப்பர் தம்பி குடிப்பதில்லை, வண்டி ஓட்டி வந்தவரும் அவர்தான். அவருக்குத் தனியாக ஒரு சிக்கன் பர்கரும் லெமன் சோடாவும்.

முதலில் வந்தது நாங்கள் கேட்காத மசாலாக் கடலை. அடுத்து தண்ணீர் பாட்டில் இரண்டு, மூடி திருகி. பிறகு பீர். மூன்றுமே 650 மில்லி பாட்டில், மூன்றுமே மூடி திறந்து வந்தன. “காம்போவுக்கு 330 தான் சார், ஸ்டாக் இல்ல, அதான் பெருசு கொடுத்திருக்கோம்” என்றார் பரிமாறுகிற தம்பி. பெரிசுக்கு எவ்வளவு கூடுதல் என்று அவர் சொல்லவில்லை. கேட்டதற்கு “மேனேஜர் பார்த்துப்பார் சார்” என்று போய்விட்டார். பீரில் குளிர்ச்சியே இல்லை. ஒரு பாட்டிலில் நுரையும் இல்லை. லேபிளில் தயாரித்த தேதியைப் பார்த்தால் ஏழு மாதம் தாண்டியிருந்தது. ஆறு மாதத்துக்குள் குடிக்க வேண்டும் என்று அதே லேபிளில் அச்சடித்திருக்கிறது.

இந்த இடத்தில் நிறுத்திச் சொல்கிறேன். பாட்டில் உங்கள் மேஜையில், உங்கள் கண் முன்னால்தான் திறக்கப்பட வேண்டும். திறந்து வந்தால் வாங்காதீர்கள். உள்ளே இருப்பது அந்த பாட்டிலில் நிரப்பியதுதானா, மீதம் ஊற்றியதா, எப்போது திறந்தது என்று தெரிந்துகொள்ள வழியே இல்லை. திறந்த பாட்டிலைத் திருப்பி அனுப்பவும் முடியாது, “ஓப்பன் ஆயிடுச்சே சார்” என்பார்கள். அதற்காகத்தான் திறந்து கொண்டுவருகிறார்கள். மூடியோடு வந்ததும் கையில் தொட்டுப் பாருங்கள், தேதியைப் பாருங்கள், அப்புறம் திறக்கச் சொல்லுங்கள். அரை நிமிட வேலை.

பர்கர் வர நேரமாகிக்கொண்டே போனது. கூட்டமும் அப்படி ஒன்றும் இல்லை. நடுவில் எழுந்து போகவும் முடியாது, பீர் மேஜைக்கு வந்துவிட்டது. கடைசியில் வந்த பர்கரில் கோல்கீப்பர் தம்பி ஒரு கடி கடித்துவிட்டுத் தட்டில் வைத்தார். “அண்ணே, நடுவுல சில்லுன்னு இருக்கு” என்றார். பிய்த்துப் பார்த்தால் உள்ளே இளஞ்சிவப்பாக, வேகாத கறி. ஃப்ரீசரிலிருந்து எடுத்த உருண்டையை அப்படியே எண்ணெயில் போட்டு மேல்பக்கம் மட்டும் சிவக்க விட்டிருக்கிறார்கள்.

முழுக் கறித் துண்டு என்றால் கிருமி பெரும்பாலும் மேல்பரப்பில்தான் இருக்கும். கொத்துக்கறியாக அரைக்கும்போது மேலே இருந்தது உள்ளே வரைக்கும் கலந்துவிடும். கோழிக்கறி எப்படியும் நடுப்பகுதி வரை 74 டிகிரி செல்சியஸ் சூடு ஏறி வேக வேண்டும் என்கிறார்கள், அரைத்தது என்றால் இன்னும் கவனம் வேண்டும். நடுவில் சில்லென்று இருக்கிற சிக்கன் பர்கரில் வயிற்றைக் கெடுக்கிற சால்மோனெல்லா கிருமி இருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. எந்தக் கடையாக இருந்தாலும் பர்கரை முதலில் இரண்டாகப் பிட்டுப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருந்தாலும் ஆவி வராவிட்டாலும் வாயில் வைக்காதீர்கள்.

திருப்பி அனுப்பினோம். கொஞ்ச நேரத்தில் பர்கர் வந்தது. அதே பர்கர். அந்தத் தம்பி கடித்த பல் தடம் அப்படியே இருந்தது. மைக்ரோவேவில் வைத்து எடுத்திருக்கிறார்கள். பன் தோல் மாதிரி ஆகிவிட்டது, உள்ளே கறி வெளுத்து, ஓரத்தில் மயோனைஸ் உருகி எண்ணெய் பிரிந்து நின்றது. வேறு பர்கர் போடத் தோன்றவில்லை அவர்களுக்கு. பத்தொன்பது வயதுப் பையன், மறுவாரம் அவனுக்கு மாவட்ட அளவில் ஆட்டம் இருந்தது. அவன் வயிற்றுக்கு ஏதாவது ஆகியிருந்தால் அவன் உழைப்புக்கு யார் பதில் சொல்வது?

மயோனைஸ் எப்படிச் செய்தது என்று கேட்டேன். “நாங்களே முட்டை அடிச்சு ஃப்ரெஷ்ஷா போடுறோம் சார்” என்று பெருமையாகவே சொன்னார்கள். பச்சை முட்டையில் செய்த மயோனைஸைத் தயாரிக்கவும் விற்கவும் தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை விதித்திருந்தது. தடை நடப்பில் இருந்த டிசம்பரில் இதைச் சொல்கிறார்கள். இந்த ஒரு பதில் வந்தால் பர்கரை மறந்துவிட்டு எழுந்துவிடுங்கள்.

இப்போது பில். மேனேஜர் கொண்டுவந்த தாளின் தலையில் கடையின் பெயருக்குப் பதிலாக ‘எஸ்டிமேட்’ என்று இருந்தது. ஜிஎஸ்டி எண் இல்லை. உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் இல்லை. காம்போ மூன்று, 1,497 ரூபாய். ‘பீர் டிஃப்ரன்ஸ்’ தலைக்கு 250 வீதம் 750. தனி பர்கர் 260, சோடா 90, தண்ணீர் 120. கேட்காத கடலைக்கு 180. ஆக 2,897. அதன் மேல் பத்து சதவீதம் சேவைக் கட்டணம். அதையும் சேர்த்து, எல்லாவற்றின் மேலும் ஐந்து சதவீதம் ஜிஎஸ்டி. மொத்தம் 3,346 ரூபாய்.

சேவைக் கட்டணத்தைத் தானாக பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்றே வழிகாட்டுதல் வெளியிட்டுவிட்டது. உணவக சங்கங்கள் வழக்குப் போட்டன. 2025 மார்ச் 28 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் அந்த வழிகாட்டுதல் செல்லும் என்று தீர்ப்பளித்தது. கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் விருப்பம். பரிமாறிய தம்பிக்குக் கையில் கொடுப்பது வேறு, அதை நானும் எப்போதும் செய்கிறேன்.

அடுத்தது பலருக்கும் தெரியாதது. மதுவுக்கு ஜிஎஸ்டி கிடையாது. குடிக்கும் மது அந்த வரிக்கு வெளியே வைக்கப்பட்டிருக்கிறது, அதற்கு மாநிலத்தின் வாட் வரிதான். அதனால் பார் உள்ள உணவகத்தில் சாப்பாட்டுக்குத் தனி, பீருக்குத் தனி என்று பில் பிரிந்திருக்க வேண்டும். சாதாரண உணவகத்தில் சாப்பாட்டுக்கு மட்டும் மத்திய அரசுக்கு இரண்டரை, மாநிலத்துக்கு இரண்டரை என்று ஐந்து சதவீதம். அறை வாடகை மிக அதிகமான பெரிய விடுதிகளில் 18 வரை போகலாம். பீர் மேல் ஜிஎஸ்டி போட்டிருந்தால் அது வரியே இல்லை, கடைக்காரர் தன் பைக்குள் போடுகிற காசு. எங்கள் பில்லில் அந்த 750 ரூபாய்க்கு மட்டும் 37 ரூபாய் 50 காசு. சின்னத் தொகைதானே என்று விடாதீர்கள். மேட்ச் அன்று எத்தனை மேஜை, எத்தனை பாட்டில் என்று யோசியுங்கள். ‘காம்போ’ என்று ஒரே வரியில் போடுவதால் பீர் விலை எவ்வளவு, பர்கர் விலை எவ்வளவு என்று பிரித்துக் கேட்கவே முடியாமல் போகிறது.

தண்ணீர் பாட்டிலுக்காக மட்டும் சண்டை போடாதீர்கள். உணவகத்தில் உட்கார வைத்துக் கொடுக்கும்போது அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-லேயே சொல்லிவிட்டது. “சாதாத் தண்ணி கொண்டாங்க” என்று முதலிலேயே சொல்லிவிடுவதுதான் வழி.

நான் கேட்கக் கேட்க மேனேஜர் சொன்ன ஒரே பதில், “மேட்ச் டே சார், எல்லா இடத்துலயும் இப்படித்தான்.” சரியான பில் கேட்டால் பிரிண்டர் ரிப்பேர் என்றார். ஜிபே செய்யலாம் என்று ஸ்கேன் செய்தால் கடைப் பெயருக்குப் பதில் ஒரு தனி ஆளின் பெயர் வந்தது. அங்கே நான் நிறுத்திவிட்டேன். கடைக் கணக்குக்குத்தான் பணம் போடுவேன், ஜிஎஸ்டி எண்ணோடு பில் வேண்டும் என்று நின்றேன். ரிப்பேர் ஆன பிரிண்டரிலிருந்தே பத்து நிமிடத்தில் வேறு பில் வந்தது. அதில் சேவைக் கட்டணம் இல்லை, திருப்பி அனுப்பிய பர்கர் இல்லை, கடலையும் இல்லை. பீர் மேல் போட்ட ஜிஎஸ்டியை மட்டும் “சிஸ்டத்துல அப்படித்தான் வரும்” என்று கடைசி வரை எடுக்கவில்லை.

இவ்வளவும் முடித்து அரங்கத்துக்குள் போனபோது முதல் கால்பகுதி முடிந்துவிட்டது. ஹாக்கி தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: கிரிக்கெட்டில் அரை மணி நேரம் தாமதமாகப் போனால் ஏழெட்டு ஓவர் போகும், அவ்வளவுதான். ஹாக்கியில் 15 நிமிடம் வீதம் நான்கு கால்பகுதி, மொத்தமே 60 நிமிடம். அன்று இந்தியா அடித்த ஐந்து கோலில் மூன்று முதல் 15 நிமிடத்துக்குள் விழுந்தன. மன்மீத் சிங் இரண்டாவது நிமிடத்திலும் 11-ஆவது நிமிடத்திலும், சாரதா நந்த் திவாரி 13-ஆவது நிமிடத்திலும் அடித்திருந்தார்கள். நாங்கள் ஸ்கோர் போர்டில் மூன்று என்ற எண்ணைத்தான் பார்த்தோம். நூறு கிலோமீட்டர் வந்த பையன்கள் அவர்கள். மச்சினன் ஒன்றும் சொல்லவில்லை, அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. 28-ஆவது நிமிடத்தில் அர்ஷ்தீப் சிங் அடித்த கோலைப் பார்த்த பிறகுதான் அவர்கள் வாய் திறந்து கத்தினார்கள்.

இனி ஆட்டத்துக்கு வருகிறவர்கள் தயவுசெய்து இப்படிச் செய்யுங்கள். பர்கர்தான் வேண்டும் என்றால் கல்லில் சுடுவது கண்ணுக்குத் தெரிகிற கடையாகப் பார்த்து, ஆட்டத்துக்கு மூன்று மணி நேரம் முன்னாலேயே சாப்பிட்டு முடித்துவிடுங்கள். கடையைப் பற்றி நிச்சயம் இல்லையென்றால் சிம்மக்கல், தல்லாகுளம் பக்கம் மெஸ்ஸில் ஒரு கறிதோசை போதும். கண் முன்னால் கல்லில் வேகும், சொன்ன விலைதான் பில்லில் வரும். பீர் வேண்டும் என்பவர்கள் ஆர்டர் சொல்லும் முன்னே மூன்று கேள்வி கேளுங்கள்: எத்தனை மில்லி, என்ன விலை, பில் தனியாகப் பிரித்து வருமா. இதற்குப் பதில் வராத கடையில் உட்கார வேண்டாம். குடித்தவர் வண்டி எடுக்கவே கூடாது. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தாலே வழக்கு, முதல் முறையே 10,000 ரூபாய் வரை அபராதம், சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு. மேட்ச் விடும் நேரத்தில் போலீஸ் ஊதச் சொல்லும்.

பொங்கலுக்கு ஜல்லிக்கட்டுப் பார்க்க வருகிறவர்களுக்கும் ஒன்று. பாலமேட்டில் மாடு விடுகிற தை இரண்டாம் நாள் திருவள்ளுவர் தினம். அன்று டாஸ்மாக்கும் பார்களும் மூடியிருக்கும். அன்று யாராவது பாட்டில் தருகிறேன் என்று கூப்பிட்டால் அது கள்ளச் சந்தை. விலையும் இரட்டிப்பு, உள்ளே என்ன இருக்கிறது என்பதும் தெரியாது.

பில்லைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உணவகங்கள் பில்லில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணை அச்சிட வேண்டும் என்பது 2022 ஜனவரியிலிருந்து கட்டாயம். அந்த எண் இருந்தால் புகார் கொடுப்பது சுலபம். விலை, சேவைக் கட்டணம் பற்றித் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் தமிழிலேயே பேசலாம். வேகாத கறி, பச்சை முட்டை மயோனைஸ் மாதிரி விஷயங்களுக்கு மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகம். நான் இரண்டு பில்லையும், பல் தடத்தோடு திரும்பி வந்த பர்கரின் படத்தையும் சேர்த்து இரண்டு இடத்திலும் கொடுத்திருக்கிறேன். பதில் வந்ததும் இதன் கீழேயே எழுதுகிறேன்.