முன்னுக்கு ஒரு றிம், பின்னுக்கு வேறொன்று: வன்னிக் கிரவல் றோட்டுக்குச் சில்லுக் கட்டுகிறவர்களுக்கு

வன்னிக்குள் மவுண்டன் பைக் ஓட்டப் புதுச் சில்லுக் கட்டப் போகிறீர்கள் என்றால் முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே றிம் வாங்க வேண்டாம். நான் முன்னுக்கு டி.டி. சுவிஸ் எக்ஸ்.எம் 481, பின்னுக்கு அதே கம்பனியின் ஈ.எக்ஸ் 511 போட்டிருக்கிறேன். இரண்டும் 29 அங்குலம், இரண்டிலும் 32 கம்பி ஓட்டை, உள் அகலமும் இரண்டுக்கும் 30 மில்லிமீற்றர். மாரி, கோடை இரண்டையும் பார்த்தாயிற்று, அதனால் இனி எழுதலாம். இங்கே றிம் பற்றி விசாரிக்கிற பெடியள் எல்லாரும் முதலில் கேட்பது எத்தனை கிராம் என்றுதான். எந்த றோட்டில் ஓடப் போகிறது, நெளிந்தால் யார் நிமிர்த்தித் தருவார்கள் என்ற இரண்டும் அதற்கு முதல் கேட்க வேண்டியவை.

ஏ9, மாங்குளம் - முல்லைத்தீவு றோட்டு மாதிரிக் காப்பெற் போட்ட இடங்களில் எந்த றிம்மும் ஓடும். உள்ளே இறங்கினால்தான் கதை வேறு. நெடுங்கேணிப் பக்கத்துக் கிரவல் றோட்டுகளில் கல் எழும்பி நிற்கும், இரணைமடுவிலும் முத்தையன்கட்டிலும் குளக்கட்டை விட்டு இறங்கினால் மழை அரித்த வெட்டுகள் இருக்கும், வயல் பாதைகளில் மாரிச் சேற்றில் லாண்ட்மாஸ்ரர் (இரண்டு சில்லு உழவு மெஷின்) போன தடம் கோடையில் அப்படியே காய்ந்து சீமெந்து மாதிரி இறுகிக் கிடக்கும். கடைசியாகச் சொன்னதுதான் றிம்முக்கு எமன். தடத்துக்குள் முன்சில்லு இறங்கினால் கையில் தெரியும், கொஞ்சம் தூக்கி எடுக்கலாம். பின்சில்லு பின்னாலே வந்து முழுப் பாரத்தோடும் அதன் விளிம்பில் இடிக்கும், அங்கே நீங்கள் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. இருக்கையில் இருக்கும்போது உடம்பின் பாரத்தில் கூடிய பங்கு பின்னுக்குத்தான் போகிறது, சங்கிலி இழுப்பதும் அந்தச் சில்லைத்தான்.

எடைக் கணக்கு இப்படி. 29 அங்குலத்தில் 481 ஏறக்குறைய 500 கிராமுக்குச் சற்று மேல், 511 கிட்டத்தட்ட 600. முன்னுக்கும் 511 போட்டிருந்தால் இன்னும் எண்பது, தொண்ணூறு கிராம் கூடியிருக்கும். றிம் சில்லின் ஓரத்தில் சுற்றுகிற எடை என்பதால் அங்கே ஒரு கிராம் குறைத்தால் சட்டத்தில் இரண்டு கிராம் குறைத்த மாதிரி என்பார்கள், வேகம் எடுக்கிற நேரத்துக்கு அது ஏறத்தாழச் சரி. ஆனால் எங்கடை நிலம் தட்டை. ஒரே வேகத்தில் நீளத்துக்கு மிதிக்கிற ஓட்டம்தான் இங்கே அதிகம், மலை நாட்டில் மாதிரி வளைவுக்கு வளைவு பிறேக் அடித்து மறுபடி எழும்புகிற வேலை இல்லை. ஆகவே பின்னுக்குக் கூடிய அந்த எடையை நான் உணர்வதேயில்லை. முன்னுக்குக் குறைந்ததை உணர்கிறேன், முல்லைத்தீவுக் கரைப்பக்கம் மணலுக்குள் முன்சில்லைத் திருப்பும்போதும் வெட்டுகளுக்கு மேலால் தூக்கும்போதும் அது நன்றாகத் தெரிகிறது.

ஸ்டான்ஸ் கிரெஸ்ட் மாதிரி 400 கிராமை ஒட்டிய றிம்களும் இருக்கின்றன, அவை குறுக்கு நாட்டுச் சைக்கிள் போட்டிக்காரருக்குச் செய்தவை, உள் அகலமும் குறைவு. மெலிந்த ஆள், மெலிந்த ரயர், பொதி இல்லை என்றால் எடுங்கள். தண்ணீர்க் கலன், ரியூப், சாப்பாடு எல்லாம் கட்டிக்கொண்டு நாள் முழுக்கக் காட்டுப் பாதையில் போகிறவருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். கார்பன் றிம்மும் அப்படித்தான். பலம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அலுமினியம் அடிபட்டால் நசுங்கும், நசுங்கினதை நிமிர்த்தலாம், கார்பன் வெடித்தால் மாங்குளத்தில் நின்று ஒன்றும் செய்ய ஏலாது.

அகலத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஓட்டத்தில் பெரிய வித்தியாசம் காட்டியது அதுதான். 30 மில்லிமீற்றர் உள் அகலத்தில் 2.4 அங்குல ரயர் நன்றாக விரிந்து உட்காருகிறது, பக்கத்துக்குப் பக்கம் மடங்குவதில்லை. அதனால் காற்றைக் குறைத்து ஓடலாம், எழுபது கிலோவைத் தாண்டிய எனக்கு முன்னுக்கு 20, பின்னுக்கு 24 பீ.எஸ்.ஐ. போதும். காற்றுக் குறைந்தால் கிரவலின் அதிர்வு கைக்கு வராது, மணலிலும் ரயர் புதையாது. பழைய 19 மில்லிமீற்றர் றிம்மில் இதே ரயரை இதே காற்றில் ஓட்டினால் வளைவில் ரயர் ஒரு பக்கம் போகும், றிம் ஒரு பக்கம் போகும். 2.1 அல்லது 2.2 ரயர்தான் போடுவீர்கள் என்றால் 25 மில்லிமீற்றர் றிம் போதுமானது, 30 தேவையில்லை.

இரண்டு றிம்மும் ரியூப் இல்லாமல் ஓடத் தகுந்தவை, நான் அப்படித்தான் ஓடுகிறேன், காரணம் நெருஞ்சி. வயல் வரம்பிலும் குளக்கட்டிலும் கோடையில் காய்ந்து கிடக்கிற நெருஞ்சி முள் எப்படி விழுந்தாலும் ஒரு கூர் மேலே நிற்கும், ரியூப் போட்டால் ஒட்டி ஒட்டியே நாள் போய்விடும். ரயருக்குள்ளே ஓட்டை அடைக்கிற பால் ஊற்றி ஓடினால் முள்ளைப் பிடுங்க ஒரு சுற்றுக்குள் அடைபடுகிறது. ஆனால் இங்கத்தைய வெய்யிலில் அந்தப் பால் விரைவாகக் காயும், கோடையில் இரண்டு மாதத்துக்கு ஒருக்கால் திறந்து பார்த்து ஊற்ற வேண்டும். கம்பி ஓட்டைகளை மூடி ஒட்டுகிற றிம் நாடாவைத் தனியாக வாங்க வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

வாங்கியது சுவிசிலிருந்து. மச்சான் ஊருக்கு வரும்போது கொண்டு வந்தார், கம்பிகளும் அவரோடுதான் வந்தன. இந்தக் கம்பனி பீல் நகரத்துக்காரர், அங்கே 1634இலேயே கம்பி இழுக்கிற பட்டறையாகத் தொடங்கிய தொழிலின் தொடர்ச்சி, டி.டி. சுவிஸ் என்ற பெயரில் 1994இலிருந்து இருக்கிறார்கள். விலை குறைவு என்று சொல்ல முடியாது. கையில் இருக்கிற காசு ஒரு நல்ல றிம்முக்குத்தான் காணும் என்றால் அதைப் பின்னுக்குப் போடுங்கள், முன்னுக்குப் பழையது இன்னும் கொஞ்சக் காலம் ஓடட்டும். விமானத்தில் வருகிற றிம்மைப் பெட்டியால் எடுத்தவுடன் கண்ணாடி மேசையில் படுக்க வைத்துப் பாருங்கள், நாலு பக்கமும் விரலால் அமத்த ஆடினால் வழியில் நெளிந்திருக்கிறது. எனக்கு வந்த இரண்டும் மட்டமாகப் படுத்தன.

கட்டியது மாங்குளத்தில் ஒரு சின்னச் சைக்கிள் கடை. அந்த அண்ணை கட்டினது எல்லாம் ஊர்ச் சைக்கிள் சில்லுகள், இந்தக் கம்பியைக் கண்டதும் முகம் சுருங்கிவிட்டது.

“தம்பி, கம்பி இவ்வளவு மெல்லிசாய் இருக்கு, தாங்குமோ?”

“நடுவிலைதான் அண்ணை மெல்லிசு, இரண்டு நுனியும் தடிப்பு.”

விரலுக்கிடையில் உருட்டிப் பார்த்துவிட்டுச் சரி என்றார். நுனியில் 2.0, நடுவில் 1.8 மில்லிமீற்றர், இந்த வகைக் கம்பி நடுவில் சற்று இழுபட்டுக் கொடுக்கும், அதனால் அடி விழும்போது வளைகிற இடம் முறிவதில்லை. மூன்று குறுக்குப் பின்னல், அதாவது ஒரு கம்பி வேறு மூன்று கம்பியைக் குறுக்கே கடக்கும். கம்பியை றிம்மில் பூட்டுகிற சின்னச் சுரையான நிப்பிள் பித்தளை. அலுமினிய நிப்பிள் சில கிராம் குறையும், ஆனால் மாரிச் சேற்றில் இறுகிப்போய்த் திருப்பும்போது தலை வழுக்கும், அந்தச் சில கிராமுக்காக அதைப் போட வேண்டாம். றிம்மோடு சின்ன வாஷர்கள் வரும், ஓட்டைக்குப் பின்னால் இருந்து இழுப்பைப் பரப்புகிறவை அவை, கடையில் தவறவிடாமல் ஒவ்வொன்றாகப் போடச் சொல்லுங்கள்.

கம்பி நீளத்துக்கு றிம்மின் உள் விட்டத்தை நீங்களே அளப்பது நல்லது. இரண்டு பழைய கம்பியை ஒரே நீளத்துக்கு வெட்டி, நிப்பிள் பூட்டி, எதிரெதிர் ஓட்டைகளில் விட்டு இழுத்துப் பிடித்து, நடுவில் உள்ள இடைவெளியை அளந்து இரண்டு கம்பியின் நீளத்தோடு கூட்டினால் போதும். இரண்டு றிம்மையும் தனித்தனியாக அளக்க வேண்டும், சில்லின் நடுவில் இருக்கிற ஹப்பின் இடம், வலம் என்றும் நீளம் மாறும்.

அண்ணையிடம் இழுவிசை மானி இல்லை. கம்பியை நகத்தால் தட்டிச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு இறுக்கினார், ஒரே பக்கத்துக் கம்பி எல்லாம் ஒரே சுரத்தில் வரும் வரைக்கும் விடவில்லை. நடுவில் இரண்டிரண்டு கம்பியாகச் சேர்த்து உள்ளங்கையால் நெரித்தார், நெரிக்கும்போது முறுக்கு விடுபட்டுக் கிறுக் கிறுக் என்று சத்தம் வந்தது, பிறகு மறுபடி நெளிவு எடுத்தார். பின்னர் கிளிநொச்சியில் தெரிந்த ஒருவரிடம் இருந்த மானியால் அளந்தேன், பின்சில்லின் கியர்ப் பக்கம் எல்லாம் 115 கிலோவுக்கும் 120 கிலோவுக்கும் இடையில். 120 கிலோவுக்கு மேல் இறுக்க வேண்டாம். இடப்பக்கம் தளர்வாகத்தான் நிற்கும், டிஸ்க் பிறேக்கும் கியரும் உள்ள பின்சில்லின் அமைப்பு அப்படி. அது பிடிக்காதவர்கள் ஓட்டைகளை ஓரமாகத் தள்ளிப் போட்ட றிம் பார்க்கலாம், டபிள்யு.டி.பி. கம்பனி அப்படிச் செய்திருக்கிறது, இரு பக்க இழுவையும் கிட்டக் கிட்ட வரும்.

குறை என்று சொல்ல இருப்பது ரயர் போடுகிற சண்டை. 511இல் புது ரயரை ஏற்ற விரல் நோகும், காட்டுக்குள் நின்று செய்வதற்கு நல்ல பிளாஸ்ரிக் நெம்பு இரண்டு வேண்டும். மற்றது, நெடுங்கேணிப் பக்கம் ஒரு கல்லில் இடித்துப் பின் விளிம்பில் கடுகளவு நசுங்கல் வந்தது. துணி சுற்றிய குறட்டால் மெதுவாக நிமிர்த்தினேன், காற்று இறங்கவில்லை, சில்லு நெளியவும் இல்லை. அதே இடி 481க்கு விழுந்திருந்தால் இன்னும் ஆழமாக நசுங்கியிருக்கும் என்பது என் எண்ணம்.

ஸ்டான்ஸ் ஃப்ளோ மார்க் 3 கிடைத்தால் 481க்குப் பதிலாக முன்னுக்குத் தாராளமாகப் போடலாம், உள் அகலம் 29, வேலையும் அதே வேலை. பழைய 26 அங்குல மவுண்டன் பைக் வைத்திருப்பவர்களுக்கு நல்ல றிம் வரவரக் குறைகிறது, கிடைக்கும்போதே எடுத்து வையுங்கள். வெளியிலிருந்து ஆட்களிடம் சொல்லிவிடும்போது அங்குலம் சொல்ல வேண்டாம், ரயரின் பக்கத்தில் 559, 584, 622 என்று மில்லிமீற்றரில் இருக்கிற விட்ட இலக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள், 26 என்று பெயர் உள்ள றிம் எல்லாம் ஒரே அளவில் வருவதில்லை. ஹப்பில் உள்ள ஓட்டைகளையும் எண்ணிச் சொல்லுங்கள், 28 ஓட்டை றிம் வந்து சேர்ந்தால் 32 ஓட்டை ஹப்போடு கட்ட முடியாது.